டயரக்காவின் ஹெட்ஃபோன்

“வர வேண்டிய ஆள் வரலையாம்க்கா. வயிறு சரியில்லையாம்.”

கைத்தாங்கல் இதைச் சொன்னபோது டயரக்கா மூன்றாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்கு?”

“இன்னிக்கு உங்க காரை ஓட்டிப் பார்க்க வர வேண்டியவருக்குத்தான். ஓட்டறதுக்கு முன்னாடியே வயித்தைக் கலக்குதுன்னா, உங்க டயரோட பேர் ஊருக்குள்ள நல்லா பரவியிருக்குன்னு அர்த்தம்.”

“உன் வாய்க்கு ஒரு பிரேக் போடு தம்பி.”

“அதெல்லாம் நான் காருக்கு மட்டும்தான் போடுவேன்.”

அவன் சொன்னது உண்மைதான். அந்தக் கம்பெனியில் செய்துகொண்டிருந்தது ஒரு கார் பந்தய விளையாட்டு. டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் கன்சோலில் போட்டு, சோபாவில் சாய்ந்தபடி, கன்ட்ரோலரைக் கையில் பிடித்து விளையாடுவது. அதில் அவனுடைய வேலை, ஓட்டத் தெரியாதவர்களைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவது. வளைவு வருவதற்கு முன்னால் கார் தானாகவே பிரேக் போடும். எந்த வழியாகப் போக வேண்டும் என்று ரோட்டின் மேல் பச்சைக் கோடு விழும். ஸ்டீயரிங் கோணலாகத் திரும்பினால் யாரோ கையைப் பிடித்து நேராக்குவது போலத் திரும்பிக்கொள்ளும். அதனால் அவன் பெயர் கைத்தாங்கல்.

அவள் பெயர் டயரக்கா. நான்கு வருடமாக ஒரே ஒரு பொருளைத்தான் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு டயர். அது சூடானால் எப்படிப் பிடிக்கும், ஈரத்தில் எப்போது விடும், பாரம் ஒரு பக்கமாகச் சாயும்போது அதன் தோள் எப்படி மடங்கும், தேயத் தேய எப்படிக் குணம் மாறும் என்று ஒவ்வொன்றாக எழுதி, அழித்து, மறுபடி எழுதிவைத்திருந்தாள். பிள்ளையைப் பெற்றவள்கூட இவ்வளவு கண்விழித்திருக்க மாட்டாள் என்று அவள் கணவன் சொல்வான். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களைப் பெற்றவளும் அவள்தான் என்பதை அவன் அந்த நேரத்தில் மறந்துவிடுவான்.

டயர் அற்புதமாக இருந்தது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் சோதனைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் முதல் வளைவிலேயே புல்வெளிக்குப் போனார்கள். சிலர் சுவருக்குப் போனார்கள். ஒருவர் பின்பக்கமாகவே ஒரு சுற்றில் பாதி போனார்.

“வாழைப்பழத்தோல்ல டயர் செஞ்சிருக்கீங்க” என்றான் கைத்தாங்கல்.

“நிஜக் கார் அப்படித்தான்.”

“நிஜக் கார் ஓட்டணும்னா எதுக்கு சோபாவுல உட்கார்றாங்க? நாள் பூரா வேலை பார்த்துட்டு வந்து உட்கார்றாங்க. அவங்களைப் போய்ப் புல்லுல தள்ளுறீங்களே.”

“உன் பசை டயரைப் போட்டா ரயில் ஓட்டற மாதிரி இருக்கும். அதுக்கு எதுக்குக் கார்?”

பசை டயர் என்பது கம்பெனியின் பழைய விளையாட்டில் இருந்த டயர். ரோட்டில் ஒட்டிக்கொண்டால் பிரியாது. புது விளையாட்டிலும் அதையே போட்டுவிடலாம் என்று பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர். இரண்டு வாரத்துக்கு முன்னால் மேலாளர் அம்மா இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“சண்டை போட்டது போதும். எனக்கு அட்டவணை எதுவும் காட்ட வேண்டாம். கன்ட்ரோலரை ஜென்மத்துல தொடாத ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. மூணு சுத்து. நாலு சக்கரமும் ஒண்ணா ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. என் கண்ணால பார்க்கணும். இறங்கினா பசை டயர். இறங்கலைன்னா உங்க டயர். அதோட பேச்சு முடிஞ்சுது.”

“எவ்வளவு கைத்தாங்கல் வெச்சுக்கலாம் மேடம்?” என்று அவன் கேட்டான். பாவம், நல்ல மனதோடுதான் கேட்டான்.

அங்கேதான் டயரக்காவின் நாக்கில் சனி உட்கார்ந்தது. “ஒண்ணும் வேண்டாம். தம்பியோட தயவு இல்லாமலே என் டயர் நிக்கும். நான் தினம் ஓட்டறேனே, இதே கன்ட்ரோலர்தானே? ஒரு தடவையாவது இறங்கியிருக்கேனா?”

அதுவும் உண்மை. அவள் மேசையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவாள். கார் விளிம்பிலேயே நின்று வழுக்கும், விழாது. பின்னால் நின்று பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். டயரக்கா பாட்டு கேட்டுக்கொண்டே இதையெல்லாம் செய்கிறாள் என்று அவர்களுக்கு இன்னும் பிரமிப்பு.

இன்றைக்குத்தான் அந்த நாள். ஆளுக்கு வயிறு சரியில்லை.

“நாளைக்கு வெச்சுக்கலாமே” என்றாள் டயரக்கா.

“நாளைக்கு மேடம் ஊர்ல இல்ல. அடுத்த வாரம் எந்த டயர்னு எழுதிக் குடுத்தாகணும்.”

அப்போதுதான் வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது. “ஏணி எங்கேம்மா இருக்கு?”

ஒரு பெரிய கறுப்புத் துணி மூட்டை உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் அவளுடைய நாத்தனார் வந்தாள், கணவனின் மூத்த அக்கா. இரண்டு தெரு தள்ளி மூன்று தையல் மிஷின் போட்டுக் கடை வைத்திருப்பவள். சோதனை அறையின் ஜன்னல் வழியாக மத்தியான வெயில் நேராகத் திரையில் விழுந்து கண்ணைக் கூசவைத்ததால், வெளிச்சமே புகாத கனத்த திரைச்சீலை தைக்கச் சொல்லி அவளிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

“என்ன இப்படி நிக்கறே? உன் கல்யாணத்தன்னிக்கு நின்னியே, அதே மூஞ்சி.”

“அண்ணி, கொஞ்சம் இருங்க. இங்க ஒரு சிக்கல்.”

“அன்னிக்கும் இதையேதான் சொன்னே.”

கைத்தாங்கல் அந்த அம்மாளை மேலும் கீழும் பார்த்தான். வழி தவறியவனுக்குத் தெருவிளக்கு தெரிந்தது போல அவன் முகம் மலர்ந்தது.

“அம்மா, நீங்க வீடியோ கேம் விளையாடியிருக்கீங்களா?”

“எனக்கு வேற வேலை இல்லையா?”

“கார் ஓட்டுவீங்களா?”

“என் தம்பி ஓட்டினா பின்னாடி உட்காருவேன். அதுவும் கண்ணை மூடிக்கிட்டு.”

அவன் மேலாளர் அறைப் பக்கம் திரும்பினான். “மேடம், ஆள் கிடைச்சாச்சு.”

“வேண்டாம்” என்றாள் டயரக்கா. “சொந்தக்காரங்க கூடாது. எனக்குச் சாதகமா ஓட்டினாங்கன்னு பேச்சு வரும்.”

“உங்க நாத்தனார்தானேக்கா? அந்த பயமே வேண்டாம்.”

மேலாளர் அம்மா சிரிக்க மாட்டார். அன்றைக்குச் சிரித்தார். அதோடு விஷயம் முடிந்துபோனது.

நாத்தனார் மூட்டையை இறக்கிவைத்தாள். “என்ன செய்யணும்னு சொல்லுங்க. ஆனா ஒண்ணு, என் தூரக் கண்ணாடி கடையிலேயே இருக்கு. இது நூல் கோக்கற கண்ணாடி. அங்க இருக்கற டிவி எனக்குக் கஞ்சி மாதிரிதான் தெரியும்.”

டயரக்காவுக்கு அழுகை வரும் போலிருந்தது. நான்கு வருடம். அது இப்போது நூல் கோக்கும் கண்ணாடியின் கையில் இருந்தது.

*

அந்தச் சோதனை அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டிப் பார்ப்பவர் காதை மூடும் ஹெட்ஃபோனோடு அறைக்குள் தனியாக உட்காருவார். செய்தவர்கள் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, திரையில் தெரிவதை மட்டும் பார்க்க வேண்டும். காரின் சத்தம் இந்தப் பக்கம் வராது. ஓட்டுபவர் பேசுவது மட்டும் சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். செய்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. முன்பு ஒருமுறை, வாயைத் திறக்காத ஒருவன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று இடது, இடது என்று கையால் ஜாடை காட்டிவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரைக் கொடுத்துவிடுவார்கள். கை ஆடினால் தண்ணீர் சிந்தும். சிந்தினால் வெளியே போக வேண்டும்.

டயரக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் கைத்தாங்கல், அவனுக்குப் பக்கத்தில் மேலாளர்.

உள்ளே நாத்தனார் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எது போக, எது நிற்க, எது திரும்ப என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

“இந்த ஆள்காட்டி விரல்ல இருக்கறதுதான் போறதா?” ஸ்பீக்கரில் குரல் வந்தது. “ஓ, அமுக்க அமுக்கத்தானா? நம்ம மிஷின் பெடல் மாதிரி. இதைச் சொல்ல ஒரு தாளா?”

கார் கிளம்பியது. நாய்க்குட்டி நடப்பது போல ரோட்டின் இரண்டு ஓரத்தையும் முகர்ந்து பார்த்துக்கொண்டே போனது. முதல் வளைவில் முன்சக்கரங்கள் இரண்டும் புல்லில் இறங்கின. டயரக்காவின் டம்ளரில் தண்ணீர் விளிம்பில் நடுங்கியது. பின்சக்கரங்கள் ரோட்டிலேயே இருந்தன. கார் மெல்லத் திரும்பி மேலே ஏறிக்கொண்டது.

“சரி சரி. கோவிச்சுக்காதே” என்றாள் நாத்தனார்.

யாரிடம் பேசுகிறாள் என்று மேலாளர் புருவத்தை உயர்த்தினார். கைத்தாங்கல் தோளைக் குலுக்கப் போய், டம்ளர் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான்.

இரண்டாம் வளைவு. “ம்ம், விடறேன். விட்டுட்டேன். இப்போ?” மூன்றாம் வளைவு. “இங்க கனமா இருக்கே. நாலு மடிப்பு.” நான்காம் வளைவு, நீண்டு வளைந்து இறக்கத்தில் போவது, எல்லோரும் சுவருக்குப் போகும் இடம். “ஏய், ஏய், நீ கத்தாதே. நான் காலை எடுத்துட்டேன் பாரு.” பெடல் மிதிப்பது போலத் தரையை மிதித்துக்கொண்டிருந்த அவள் கால் தளர்ந்தது. விரல் அதோடு சேர்ந்து இளகியது. கார் ஒரு கணம் பக்கவாட்டில் நகர்ந்து, நின்று, மேலே போனது.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றில் கார் வேகமானது. நாத்தனார் வேகமாக ஓட்டினாள் என்று சொல்ல முடியாது. எவ்வளவு கொடுத்தால் தாங்குமோ அவ்வளவு கொடுத்தாள், அதற்கு மேல் ஒரு நூல்கூடக் கொடுக்கவில்லை. மூன்றாம் சுற்றில், டயரக்கா வேறு யார் கையிலும் பார்த்தே இராத ஒன்று நடந்தது. அந்த நீண்ட வளைவு முழுவதும் கார் விளிம்பிலேயே நின்றது. நான்கு சக்கரமும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு, கொஞ்சம் பிடித்துக்கொண்டு, ஆற்று நீரில் படகு போவது போல இறங்கியது. அந்த விளிம்பைத்தான் நான்கு வருடமாக எழுதினாள். அது இருக்கிறது என்று சொன்னால் நம்ப ஆளில்லாமல் இருந்தது.

கஞ்சி மாதிரித் தெரியும் கண்ணாடியோடு ஒரு தையல்காரி அதில் போய்க்கொண்டிருந்தாள், பேசிக்கொண்டே.

கார் கோட்டைத் தாண்டியது. மேலாளர் தன் டம்ளரை மேசையில் வைத்தார்.

“உங்க டயர்தான்” என்றார்.

கைத்தாங்கல் தன் தண்ணீரை மடமடவென்று குடித்தான். “வாழ்த்துக்கள்க்கா. நிஜமாத்தான் சொல்றேன். இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல.”

*

எல்லோரும் அறைக்குள் வந்தபோது நாத்தனார் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தட்டிக்கொடுத்தாள்.

“அண்ணி, எப்படி ஓட்டினீங்க?”

“நான் எங்க ஓட்டினேன்? அதுதான் சொல்லிக்கிட்டே வந்துச்சே.”

“எது?”

“இந்தச் சத்தம். ம்ம்ம்னு முனகிக்கிட்டே இருந்துச்சு. கனமான இடம் வந்தா குரல் மேல போகுது, இன்னும் கொஞ்சம் போனா நடுங்குது. நடுங்கினா காலை எடுக்கணும். இதுல என்ன இருக்கு? நாலு மடிப்பு ஜீன்ஸ் ஓரம் தைக்கும்போது மிஷின் இப்படித்தான் முனகும். எடுக்கலைன்னா ஊசி போச்சு. முப்பத்தி ரெண்டு வருஷமா அதைக் கேட்டுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்கேன்.”

டயரக்கா அவள் மடியில் இருந்த ஹெட்ஃபோனைப் பார்த்தாள்.

அந்தச் சத்தம் விளையாட்டில் கிடையாது. அது அவளுடையது. வேலை ஆரம்பித்த முதல் மாதம், சக்கரங்களின் பாரத்தையும் பிடிப்பையும் காட்டும் எண்களைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்ததால், அவற்றைச் சத்தமாக்கிக் காதில் போட்டுக்கொண்டாள். முன்சக்கரங்களுக்குக் கீழ்க்குரல், பின்சக்கரங்களுக்கு மேல்குரல். இடதுக்கு இடது காது, வலதுக்கு வலது காது. டயர் தாங்குகிற வரை முனகல், விளிம்புக்கு வந்தால் நடுக்கம். அவள் மேசையில் மட்டும் ஓடுவது. அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றியதில்லை. சமைக்கிறவள் கரண்டியைப் பற்றி யாரிடம் சொல்வாள்? இன்று காலை சோதனை அறைக்கு விளையாட்டின் பிரதியை அனுப்பச் சொன்னபோது, நேரமாகிவிட்டதென்று தன் மேசையில் ஓடிக்கொண்டிருந்ததை அப்படியே அனுப்பிவிட்டாள். சத்தத்தை எடுக்க மறந்துவிட்டாள்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற யாருக்கும் அது கேட்கவில்லை. நாத்தனார் சொன்னதை மேலாளரும் கைத்தாங்கலும் இன்ஜின் சத்தம் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பேசாமல் இருந்துவிடலாம். பேச்சு முடிந்துவிட்டது. உங்க டயர்தான் என்று மேலாளரே வாயால் சொல்லியாகிவிட்டது. டயரக்கா ஒரு நிமிடம் பேசாமல்தான் நின்றாள். பிறகு அவளுக்கு, கடையில் இந்த விளையாட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஆள் கண்முன் வந்தான். அவன் காதில் இந்தச் சத்தம் இருக்காது. அவன் முதல் வளைவில் புல்லுக்குப் போவான்.

“மேடம்” என்றாள். “இது செல்லாது.”

சொன்னாள், எல்லாவற்றையும்.

“சத்தத்தை எடுத்துட்டு ஓட்டச் சொல்லுங்க” என்றார் மேலாளர்.

எடுத்தார்கள். நாத்தனார் மறுபடி உட்கார்ந்தாள். முதல் வளைவில் கார் புல்லைத் தாண்டி, வேலியைத் தாண்டி, தலைகீழாகக் கிடந்தது.

“என்னம்மா இது, ஊமையாயிடுச்சு? எப்ப விடணும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“பசை டயர்னு எழுதிக்கலாமா?” என்று மேலாளர் மெதுவாகக் கேட்டார். கேட்கும்போது டயரக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“இருங்க. கன்ட்ரோலரைக் குடுங்க.” டயரக்கா சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். “அண்ணிக்கு இன்னிக்குத்தான் முதல் நாள். பழகினா சத்தம் வேண்டாம். பாருங்க, நான் ஓட்டறேன்.”

உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த ரோடு தன் வீட்டுச் சமையலறை மாதிரி, விளக்கில்லாமலே புழங்குவாள். கிளம்பினாள். முதல் வளைவு வந்தது. எப்போதும் திருப்பும் இடத்தில் திருப்பினாள், எப்போதும் விடும் இடத்தில் விட்டாள்.

கார் புல்லுக்குப் போனது.

மறுபடி கிளம்பினாள். இந்தமுறை மெதுவாக. இரண்டாம் வளைவில் பின்பக்கம் சுழன்று, வந்த வழியையே பார்த்து நின்றது. இன்னொருமுறை. சுவர்.

டயரக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள், வேறு யாருடைய கைகளோ போல. நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட, ஒரு சுற்றுகூட, அந்தச் சத்தம் இல்லாமல் அவள் இந்தக் காரை ஓட்டியதில்லை.

“அக்கா” என்றான் கைத்தாங்கல். அவன் குரலில் கேலி இருந்தது. கேலிக்கு அடியில் வேறு என்னவோ இருந்தது. “நாலு வருஷமா என்னைக் கைத்தாங்கல், கைத்தாங்கல்னு கூப்பிட்டீங்க. நீங்க காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. “நான் வந்து உட்கார்ந்தவங்களை எல்லாம் திட்டினேன் தம்பி. கைக்கு வேகம் போதாதுன்னேன். பொறுமை இல்லைன்னேன்.”

“என்னையும் சேர்த்துத்தான். கட்டை விரல் இல்லாம பிறந்தவன்னு சொன்னீங்க.”

“சொன்னேனா?”

“மெயில்ல இருக்கு.”

மேலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “ஒண்ணு கேட்கறேன். நிஜக் கார்ல இந்த மாதிரி முனகல் கேட்குமா?”

“கேட்காது மேடம். இது நான் கட்டினது. நிஜக் கார்ல இது தேவையில்ல. சீட் சொல்லும், ஸ்டீயரிங் கையில சொல்லும், இடுப்பு சொல்லும். கார் நழுவப் போகுதுன்னு முதுகுக்குத்தான் முதல்ல...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். தான் உட்கார்ந்திருந்த சோபாவைப் பார்த்தாள். பஞ்சு வைத்த, நல்ல மெத்தென்ற சோபா. அது எதையும் சொல்லவில்லை.

“டயர் எல்லாத்தையும் சரியாத்தான் செய்யுது” என்றாள் மெல்ல. “என்ன செய்யுதுன்னு இங்க உட்கார்ந்திருக்கறவங்ககிட்ட யாருமே சொல்லல.”

நாத்தனார் இதையெல்லாம் கேட்டபடி தன் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “உங்க பஞ்சாயத்து எப்படியோ போகட்டும். அதுல ஒரு சக்கரம் மட்டும் சரியா பாடல. அதைப் பாருங்க.”

“எது அண்ணி?”

“வலது காதுல, மேல்குரல்ல வருதே, அது. மத்த மூணும் ஒண்ணா ஏறுது, இது ஒரு நூல் பின்னாடி வருது. முதல் தையலுக்கும் ரெண்டாம் தையலுக்கும் நடுவுல எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். ஆனா இருக்கு.”

“அப்படி இருக்காது. நாலுக்கும் ஒரே கணக்குத்தான்.”

“உன் புருஷனும் இப்படித்தான் சொல்லுவான். சட்டையில ரெண்டு கையும் ஒரே அளவுதான்னு. போட்டுப் பார்த்தா ஒண்ணு தொங்கும்.”

டயரக்கா சிரித்துக்கொண்டே மறுக்கப்போனாள். மறுக்கவில்லை. மூன்று மாதமாக அவளைக் குடைந்துகொண்டிருந்த ஒன்று உண்டு. இடது வளைவுகளில் கார் ஒருவிதமாகவும் வலது வளைவுகளில் கொஞ்சம் வேறுவிதமாகவும் திரும்பியது. எண்களைப் பக்கம் பக்கமாகத் தேடியும் காரணம் அகப்படவில்லை.

“என் சத்தத்தை மறுபடி போட்டுட்டு, ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கு தம்பி” என்றாள். “மூலையில இருக்கற ஸ்பீக்கர்ல சத்தம் அறை பூரா வரட்டும். அண்ணி, இன்னொரு சுத்து ஓட்டுங்க. நான் கேட்கணும்.”

“முதல்ல என் திரைச்சீலையை மாட்டுங்க. வந்த வேலை அப்படியே கிடக்கு.”

கைத்தாங்கல் ஏணியில் ஏறினான். மேலாளர் அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார். கறுப்புத் துணி ஜன்னலில் இறங்கியது. ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம்கூட வரவில்லை. அந்த அளவுக்குத் துல்லியமாகத் தைத்திருந்தாள். பட்டப்பகலில் அறை இருட்டானது. டிவித் திரை மட்டும் நீலமாக மிதந்தது.

“டிவியையும் அணைச்சிடட்டுமா அண்ணி? பார்த்துக்கிட்டே இருந்தா எனக்குக் காது கேட்காது.”

“அணைச்சுக்கோ. எனக்கு அதனால என்ன பெரிய நஷ்டம்? எதுக்கு அப்புறம் எது வருதுன்னு மூணு சுத்து போய்ப் பார்த்தாச்சு. எவ்வளவு தூரம் போகுதோ போகட்டும்.”

திரை அணைந்தது.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு அறையின் நான்கு மூலையிலிருந்தும் மெல்லிய முனகல் எழுந்தது. முன்னால் இரண்டு கனத்த குரல், பின்னால் இரண்டு மெல்லிய குரல். இருட்டில், அவர்களுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கார் நின்று மூச்சுவிடுவது போலிருந்தது. அது நகர்ந்தது. இடதுபக்கக் குரல்கள் உயர்ந்தன. பாரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. டயரக்கா தன்னையறியாமல் வளைவோடு சேர்ந்து வலது பக்கம் சாய்ந்தாள். பக்கத்தில் துணி உரசும் சத்தம், கைத்தாங்கலும் சாய்ந்திருந்தான். நடுக்கம் வந்த அதே நொடியில் நாத்தனாரின் கால் தரையில் தளர்ந்தது, குரல்கள் இறங்கின. முதல் வளைவு முடிந்தது.

“அம்மாடி” என்றார் மேலாளர், மூச்சோடு மூச்சாக.

டயரக்கா அந்தச் சத்தத்தை நான்கு வருடமாகக் கேட்டிருக்கிறாள். ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. வேலைக்காரி விளக்கைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு யாரோ அதை ஏற்றிவிட்டார்கள். ரப்பர் ரோட்டைத் தொடும் இடம் ஒரு உள்ளங்கை அகலம்தான். அந்த நான்கு உள்ளங்கையும் ரோட்டைப் பிடித்து, விட்டு, பிடித்து, இவ்வளவு பெரிய பாரத்தை இருட்டில் ஏந்திக்கொண்டு போவது அவள் தோலில் தெரிந்தது.

இரண்டாம் வளைவு இடதுபக்கம். இப்போது வலதுபக்கக் குரல்கள் ஏறின. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். முன்னால் வலது. அதோடு சேர்ந்து... இல்லை. சேரவில்லை. ஒரு நூல் பின்னால், மிகச் சின்னதாக, தயங்கிவிட்டு ஏறியது பின்சக்கரம். இருந்தது. எண்களுக்குள் மூன்று மாதம் தேடியது இதோ தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தது.

“கேட்டுதா?” என்றாள் நாத்தனார் இருட்டில்.

“கேட்டுது அண்ணி.”

“நான் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“என் தம்பிகிட்டயும் போய்ச் சொல்லு, நான் சொன்னதுதான் சரின்னு.”

மூன்றாம் வளைவில் எல்லாக் குரல்களும் ஒன்றாக உயர்ந்து, நடுங்கி, உடைந்து, சட்டென்று அமைதியாயின. கார் எங்கேயோ புல்லில் கிடந்தது. யாரும் விளக்கைப் போட எழுந்திருக்கவில்லை.

மேலாளரின் குரல் மட்டும் வந்தது. “டயர் இருக்கட்டும். இந்தச் சத்தமும் இருக்கட்டும். முதல் தடவை போடும்போதே கேட்கணும், வேண்டாம்கறவங்க அணைச்சுக்கட்டும். ரெண்டையும் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் செய்யணும். இதுக்கு என்ன பேர் வைக்கறது?”

“கைத்தாங்கல்” என்றாள் டயரக்கா.

இருட்டில் அவன் மூக்கை உறிஞ்சினான்.

“அண்ணி” என்றாள் டயரக்கா, “இன்னொரு தடவை ஓட்டுங்களேன்.”

“கடையில ஆள் காத்துக்கிட்டிருக்கும்மா” என்றாள் நாத்தனார். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் முன்சக்கரங்கள் இரண்டும் மெல்ல முனக ஆரம்பித்திருந்தன.